பின்சீட்டில் மணல் மூட்டை

செங்கல்பட்டு மாவட்டத்தில் கார் செய்த கம்பெனி எது என்று கேட்டால் இன்றைய பையன்கள் மறைமலை நகர் ஃபோர்டைச் சொல்கிறார்கள். அதுவும் 2022-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்னாலேயே பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1948-ல் இங்கிலாந்துக்காரக் கம்பெனியின் கூட்டோடு ஆரம்பித்தது. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற சின்னக் காரைச் செய்தது. அதே வண்டிக்கு இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு என்று பெயர். பிறகு கெஸல் வந்தது, 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. 1988-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். கம்பெனி போனாலும் வண்டிகள் இருந்தன. எங்கள் பக்கத்தில் டாக்டர், வக்கீல், மில் முதலாளி வீடுகளில் ஹெரால்டு நின்றுகொண்டிருக்கும். நான் எழுத வந்தது அந்த வண்டியின் உதறலைப் பற்றி. அதைக் கண்டுபிடிக்க யார் அந்த வண்டிக்குள் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று எங்கள் ஊரில் இருந்த வழக்கத்தைப் பற்றி.

நான் 1983-ல் செங்கல்பட்டில் ஒரு பாய் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வயது. சேரியிலிருந்து பட்டறைக்குப் போன முதல் பையன் நான்தான். அதற்கு முன் எங்கள் தெருப் பிள்ளைகள் அறுப்புக்குப் போனார்கள், மாடு மேய்த்தார்கள், செங்கல் சூளைக்குப் போனார்கள். நைனாவுக்கு நான் இரும்பு வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. ஆயாதான், “போவட்டும்டா, கையில கிரீஸ் இருந்தா எவனும் சாணிப்பால் ஊத்தமாட்டான்” என்று சொல்லி அனுப்பிவைத்தது.

பாய்க்குப் படிப்பு இல்லை. ஆனால் வண்டி உதறுகிறது என்று யாராவது வந்தால் அவர் கேட்கிற கேள்வியெல்லாம் டாக்டர் கேட்கிற மாதிரி இருக்கும். எந்த ஸ்பீடில்? ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதா, விடும்போதா? ஸ்டியரிங்கில் தெரிகிறதா, சீட்டில் தெரிகிறதா? ஆள் ஏறினால் கூடுகிறதா? கேட்டுவிட்டு என்னிடம், “காது பொய் சொல்லும்டா. கண்ணும் பொய் சொல்லும். குண்டி பொய் சொல்லாது. உக்காந்து பாரு” என்பார்.

அவர் சொல்லிக் கொடுத்ததை எழுதிவைக்கிறேன். இதெல்லாம் எங்கள் ஆட்கள் கையில் இருக்கிற அறிவு, தாளில் ஏறவேண்டும்.

முதலில் இன்ஜினா, ஓட்டமா என்று பிரிக்க வேண்டும். உதறுகிற ஸ்பீடு வந்ததும் கிளட்சை மிதித்து நியூட்ரலில் போட்டு வண்டியைச் சும்மா உருள விட வேண்டும். உதறல் நின்றுவிட்டால் இன்ஜின், கிளட்ச் பக்கம் பார்க்கலாம், அல்லது இழுக்கும்போது மட்டும் உதறுகிற தேய்ந்த ஜாயிண்டைப் பார்க்கலாம். நிற்கவில்லை என்றால் கோளாறு கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான். டாப் கியரில் இன்ஜினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் டாப்பில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு எது என்று சொல்ல முடியாது. அதே ஸ்பீடில் மூணாவது கியரிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இன்ஜின் வேகம் ஏறும், ஷாஃப்ட் வேகம் மாறாது. உதறலும் மாறவில்லை என்றால் இன்ஜின் மேல் பழி போடக் கூடாது.

அடுத்தது உதறலின் தாளம். ஹெரால்டுக்கு 13 அங்குலச் சக்கரம். 60 கிலோமீட்டர் ஸ்பீடில் சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றும். புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்குக்கு மேலே, நொடிக்கு நாற்பதை ஒட்டிச் சுற்றும். டயர் கோணல், ரிம் வளைவு என்றால் முறத்தில் புடைக்கிற மாதிரி உடம்பு குலுங்கும். ஷாஃப்ட் என்றால் குலுங்காது, வண்டு ஒன்று சீட்டுக்கு அடியில் உட்கார்ந்து ரீங்காரம் போடுகிற மாதிரி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. அதைத்தான் நிறையப் பேர் தப்பாகச் சொல்வார்கள்.

அந்த நடு உதறல் புரிய வேண்டுமென்றால் கிராஸ் தெரிய வேண்டும். யுனிவர்சல் ஜாயிண்ட் என்று புத்தகத்தில் இருக்கும், எங்களுக்கு அது கிராஸ். சிலுவை மாதிரி நாலு காம்பு, ஒவ்வொரு காம்புக்கும் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாக ரோலர். பதினேழாம் நூற்றாண்டு விஞ்ஞானி ராபர்ட் ஹூக்கின் பெயரால் ஹூக் ஜாயிண்ட் என்றும் சொல்வார்கள். இதில் ஒரு குணம் இருக்கிறது. ஷாஃப்ட் மடங்கி நிற்கும்போது ஒரு பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றில் இரண்டு தடவை வேகமாகவும் இரண்டு தடவை மெதுவாகவும் போகும். மடக்கு கூடக் கூட இந்த ஏற்ற இறக்கம் கூடும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் முன்னால் ஒரு கிராஸ், பின்னால் ஒரு கிராஸ். இரண்டு பக்கமும் மடக்கு சமமாக இருந்து, கவட்டைகளும் ஒரே வரிசையில் நின்றால் ஒன்று செய்கிற கோளாறை இன்னொன்று சரிக்கட்டிவிடும்.

அம்பாசடரில் பின் அச்சு ஒரே கட்டையாக லீஃப் ஸ்பிரிங் மேல் ஏறி இறங்கும். ஆள் ஏறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மடக்கு மாறும். ஹெரால்டு அப்படி இல்லை. அதில் டிஃபரன்ஷியலைச் சேஸிஸோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். ஆள் ஏறினாலும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மடக்கு பெரிதாக மாறாது. டிஃபரன்ஷியலின் இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகிற அரை ஷாஃப்டுகள்தான் தோள்பட்டையிலிருந்து கை அசைகிற மாதிரி ஏறி இறங்கும். ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் ஒரே ஒரு கிராஸ். சரிக்கட்ட இரண்டாவது கிராஸ் கிடையாது. ஆக ஹெரால்டில் மொத்தம் நாலு கிராஸ். அம்பாசடரிலேயே கை பழகிய மெக்கானிக் இரண்டைத்தான் பார்ப்பான். பின்னால் வந்த கெஸலில் கம்பெனியே முழு அச்சுக்குப் போய்விட்டது.

1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடியவர்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருஷம் கோடையில் ஒரு ஹெரால்டு பட்டறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் பெரிய வீட்டுக்காரர். அவருக்கு மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்து ஒரு வீடு. வாரக் கடைசியில் குடும்பத்தோடு போவார். மற்ற நாளில் கார் அங்கேயே உப்புக் காற்றில் நிற்கும், இவர் பஸ்ஸிலோ வேறு வண்டியிலோ வந்து போவார். (அவர் என்ன சாதி என்று நான் எழுதவில்லை. எழுதினால் மற்ற சாதிக்காரர்களெல்லாம் ‘நம்மைச் சொல்லவில்லை’ என்று நிம்மதியாகிவிடுவார்கள்.)

அவர் சொன்ன கோளாறு இது. தனியாக ஓட்டினால் வண்டி பட்டு மாதிரி போகிறது. பின்னால் வீட்டு ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்தால் ஐம்பத்தைந்து, அறுபதில் உதறுகிறது. அதற்கு முன் இரண்டு பட்டறையில் காட்டியிருந்தார். இரண்டிலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸை மாற்றிவிட்டார்கள். ஒருவர் சக்கரத்தை பேலன்ஸும் பார்த்திருந்தார். உதறல் அப்படியே இருந்தது.

பாய் வண்டியைத் தொடாமலேயே சொல்லிவிட்டார். “ஆள் ஏறினா வருதுன்னா புரொப்பெல்லர் இல்ல மொதலாளி. அரை ஷாஃப்ட். எந்தப் பக்கம்னு ஓட்டித்தான் பாக்கணும்.” இரண்டு பக்கமும் மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கம்பெனி மூடி ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஹெரால்டு சாமானுக்கு ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று அலைந்தாலும் ஒன்று கிடைக்கும், ஜோடி கிடைக்காது. எதை மாற்றுவது என்று தெரிந்தாக வேண்டும்.

அதற்குப் பின்சீட்டில் ஆள் உட்கார வேண்டும். பாய் ஓட்டுவார், ஸ்பீடைப் பிடிப்பார், நியூட்ரலுக்குத் தள்ளுவார். அவருக்கு அப்போது சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைந்துகொண்டிருந்தது. பட்டறையில் அதிர்வைப் பார்க்கிற உடம்பு அந்தச் சமயத்தில் என்னுடையதுதான். நான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கதவுப் பக்கம் போனேன்.

“அவன் வேணாம் பாய்” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. கடையில் கத்தரிக்காய் வேண்டாம், வெண்டைக்காய் போடு என்கிற மாதிரி சொன்னார். “பொம்பளைங்க உக்கார்ற சீட்டு. கனந்தானே வேணும்? மூட்டை போட்டுக்க.”

இதே மனிதர் ஒரு மணி நேரம் முன்னால் என்னை அந்த வண்டிக்கு அடியில் அனுப்பியிருந்தார். “டேய், நல்லா உள்ள பூந்து பாருடா” என்று குனிந்து டார்ச் அடித்தவரும் அவர்தான். வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, அதன் எண்ணெயை முகத்தில் வாங்கலாம். பிரேக் கழற்றலாம், அவர் குடும்பத்தின் உயிரே அந்த நட்டில் இருக்கலாம். மேலே வந்து உட்காரக் கூடாது. பன்னிரண்டு வருஷத்தில் இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பாய் ஏதாவது சொல்லி என்னை முன்சீட்டின் ஓரத்திலாவது ஏற்றிவிடுவார். அன்றைக்கு முடியவில்லை.

பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து மூன்று மூட்டை மணல் வந்தது. அழுக்காகாமல் இருக்கச் சீட்டில் ஜமுக்காளம் விரித்தார்கள். நானேதான் தூக்கிக் கொடுத்தேன், டிரைவர் உள்ளே இழுத்து உட்காரவைத்தார். மூட்டைகள் மூன்றும் முதுகைச் சாய்த்துக்கொண்டு பெரிய மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன. பாய் ஓட்ட, டிரைவர் பக்கத்தில் உட்கார, வண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது.

“ஒதறுதா பாய்?”

“ஒதறுது.”

“எந்தப் பக்கம்?”

பாய் பின்னால் திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். “அதுங்களைக் கேளுங்க மொதலாளி. மூட்டை பேசுமா?”

அவர் சிரித்துவிட்டு, இரண்டு நாள் வைத்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பாய் இரண்டு மூட்டையை இறக்கச் சொன்னார். ஒன்றை நடுவில் விட்டார். ஜமுக்காளத்தை அவரே உருவி எடுத்து மூலையில் எறிந்தார். இடது பக்கம் நான், வலது பக்கம் பட்டறைப் பையன் இன்னொருவன். திருக்கழுக்குன்றம் ரோட்டில் போனோம். அப்போது அந்த ரோட்டில் ராத்திரி வண்டி குறைவு. ஐம்பத்தைந்து வந்ததும் தொடங்கியது. முறத்தில் புடைக்கிற மாதிரியும் இல்லை, வண்டு மாதிரியும் இல்லை. நடு உதறல். சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு இரண்டு தட்டு. நியூட்ரலில் போட்டபோது குறைந்தது, ஆனால் போகவில்லை. பாய் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஸ்டியரிங்கை வலது பக்கம் லேசாக வளைத்தார். கனம் இடது பக்கம் சாய்ந்தது. என் இடுப்பெலும்புக்குக் கீழே யாரோ விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி இருந்தது. இடது பக்கம் வளைத்தார், தட்டல் தளர்ந்தது. “எடம் மாறி உக்காருங்கடா” என்றார். மாறி உட்கார்ந்தோம். அவன் சொன்னதும் இடது பக்கம்தான்.

காலையில் பிரித்தோம். சக்கரத்துப் பக்கம் முட்டுக் கொடுத்து, ஸ்பிரிங் முனையைக் கழற்றி, டிஃபரன்ஷியல் பக்கத்து நாலு போல்டை எடுத்தால் அரை ஷாஃப்ட் கைக்கு வந்துவிடும். கிராஸின் ஒரு கிண்ணத்தைத் தட்டி எடுத்தபோது உள்ளே ரோலர் இல்லை, செம்மண் மாதிரி துருத்தூள். இன்னொரு கிண்ணத்தில் ஊசிகள் இருந்தன, ஆனால் காம்பில் ஊசி ஊசியாகக் கோடு விழுந்திருந்தது. ஓடி ஓடித் தேய்ந்த வண்டியில் இந்தக் கோடு மெதுவாக வரும். நின்று நின்று துருப்பிடித்த வண்டியில், வாரம் ஐந்து நாள் ஊசி ஒரே இடத்தில் உட்கார்ந்து உப்புக் காற்றைக் குடித்து, சீக்கிரமே வந்துவிடும். குறுக்கு ஸ்பிரிங்கும் தொய்ந்துபோயிருந்தது. அதனால்தான் மூன்று பேர் ஏறியதும் அரை ஷாஃப்டின் மடக்கு எக்கச்சக்கமாகி, தனியாகப் போகும்போது பேசாத கிராஸ் பேச ஆரம்பித்தது. நான் ஒரு நாள் முழுக்கப் புதுப்பேட்டையில் அலைந்து ஒரு கிராஸ் கொண்டுவந்தேன். ஸ்பிரிங் பட்டறையில் இலைகளுக்கு வளைவு ஏற்றி வாங்கினோம்.

அந்த ஞாயிறு அவர் குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வந்தார். திங்கள்கிழமை பட்டறைக்கு வந்து, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டு முதுகில் கையை ஊன்றியபடி, “எப்படிப் பாய் கண்டுபிடிச்ச?” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

பாய் மோவாயால் என்னைக் காட்டினார். “அவன்தான் பின்னாடி உக்காந்து சொன்னான்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டு முதுகிலிருந்து கையை எடுத்தார். பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து ஆயில் மாற்ற வண்டி வந்தது. முன்சீட்டில் கிழிந்த பழைய ரெக்சின் அப்படியே இருந்தது. பின்சீட்டுக்கு மட்டும் புது ரெக்சின் போட்டிருந்தது. நான் அடியில் படுத்து ஆயிலை இறக்கினேன்.

அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலை அதற்குப் பிறகுதான் தமிழில் படித்தேன். அதில் இரண்டு வண்டி வருகிறது. 1901-ல் சின்னப் பையனாக அவர் கோரேகாவில் இருந்த தகப்பனாரைப் பார்க்க மசூர் ரயிலடியில் இறங்குகிறார். மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவன் இரட்டிப்புக் கூலிக்கு ஒத்துக்கொள்கிறான். ஆனால் வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவன் கூட நடந்து வருவான். 1929-ல் சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவருக்கு ஓட்ட மறுக்கிறார்கள். அவரை அழைத்துப்போக வந்த மகார்களில் ஒருவரே ஓட்டுகிறார், பழக்கம் இல்லை, பாலத்தில் வண்டி தடுமாறி அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் முறிகிறது. படிக்கிறவர்கள் அவமானத்தைப் பற்றிப் பேசுவார்கள், அது சரிதான். மெக்கானிக்காக எனக்கு வேறொன்றும் தோன்றியது. சொந்த வண்டியை விட்டு இறங்கி நடப்பவன் தன் மாட்டின் நடையைக்கூட அறியமுடியாது. தீட்டுக்காக அவன் தன் தொழிலையே கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறான். எங்கள் பெரிய வீட்டுக்காரரும் இரண்டு பட்டறைக்குக் கூலி அழுதார். மணல் மூட்டையை நம்பியிருந்தால் மூன்றாவதுக்கும் அழுதிருப்பார்.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களில் எல்லாருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். எங்கள் மாவட்டத்துக்காரர். சாலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாலையில் ஓடுகிற வண்டியின் சீட்டு எந்தத் தீர்மானத்தில் வருகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

பாய் இறந்துவிட்டார். நான் இப்போது திருக்கழுக்குன்றம் ரோட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாகி, கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடலோரத்தில் நிறையப் பங்களா வந்துவிட்டது. பழைய ஹெரால்டும், 2014-ல் நின்றுபோன அம்பாசடரும் இப்போது ‘கிளாசிக்’. லாரி மேல் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். “அண்ணா, நீங்களே ஓட்டிப் பாருங்க” என்று சாவியை நீட்டுகிறார்கள். நான் ஓட்டுகிறேன். சிலர் டீ வாங்கி வரச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்து குடிக்கிறார்கள். “எந்த ஊரு அண்ணா?” என்று கேட்பார்கள். சொல்வேன். அதோடு விடுகிறவர்களும் உண்டு. “ஊர்ல எங்க?” என்று இரண்டாவது கேள்வி கேட்கிறவர்களும் உண்டு. அந்த இரண்டாவது கேள்விக்கு அர்த்தம் எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். ஊரின் பெயரையே திருப்பிச் சொல்லிவிட்டு ஜாக்கியை எடுக்கப் போய்விடுவேன்.

போன மாதம் ஒரு ஹெரால்டு வந்தது. இதில் வண்டு ரீங்காரம், அறுபதுக்கு மேல். கிராஸ் நாலும் இறுக்கம். ஷாஃப்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தேன், சத்தம் சரி. குழாயின் மேல் பழைய பேலன்ஸ் தகடு விழுந்துபோன தடம் இருந்தது. இதற்குச் சென்னைக்குப் போய் மெஷினில் போடலாம். அவசரத்துக்குப் பாய் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று உண்டு. பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, ஷாஃப்டை ஓடவிட்டு, சாக்பீஸை நடுங்காமல் பிடித்து மெல்லக் கிட்டே கொண்டுபோனால் எந்தப் பக்கம் வீசுகிறதோ அங்கே கோடு விழும். அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு ஹோஸ் கிளிப் மாட்டி, திருகுத் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது ஹெரால்டின் அரை ஷாஃப்ட் ரொம்ப மடங்கிவிடும், அதனால் பின்பக்கக் கைகளுக்கும் முட்டுக் கொடுத்துச் சமமாக நிறுத்திய பிறகுதான் ஓடவிட வேண்டும். சுற்றுகிற ஷாஃப்டுக்குப் பக்கத்தில் லுங்கி, துண்டு, நீளமுடி கூடாது.

அக்கா மகள் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறாள். லீவில் கொட்டகைக்கு வருவாள். கிளிப் மாட்டியதும் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டினேன். அறுபத்தைந்தில் கேட்டேன், எங்கே தெரியுது?

“நடுவுல, மாமா. மின்னைக்குக் கொறஞ்சிருக்கு. போவல.”

“முன்னாடி கிராஸா, பின்னாடியா?”

கண்ணை மூடிக்கொண்டாள். பூஞ்சேரி தாண்டுகிற வரைக்கும் பதில் சொல்லவில்லை. பிறகு, “திருப்பி ஒரு தரம் அறுபத்தஞ்சு போ மாமா” என்றாள்.